மேனேஜர் சாரின் ரேடியேட்டர்

பிள்ளைகளா, நீங்கள் பிறப்பதற்கு முன்னால் உங்கள் அம்மா ஏறக்குறைய ஒரு வருஷம் தெருக்குழாய்ப் பக்கமே போகவில்லை. நான்தான் தண்ணீர் பிடித்து வருவேன். அவள் போனால் அக்கம்பக்கத்துப் பௌதிகள், அந்த வங்காள அண்ணிமார்கள், "கொரோம் பாபுவின் பெண்டாட்டி வருகிறாள்" என்று சிரிப்பார்கள். கொரோம் என்றால் சூடு. உங்களுக்கு வங்காளம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பெயரை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் ஒரு தமிழர். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவரை மன்னித்துவிட்ட மனசோடு எழுதுகிறேன் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கிடர்பூர் துறைமுகத்தில் கப்பல் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் நான் டிரைவர். வண்டிகளுக்கெல்லாம் பொறுப்பு மேனேஜர் சார். சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை பார்த்த உங்கள் தாத்தாவின் பெயரைச் சொல்லி அவர் முன்னால் போய் நின்றேன். நம்மாள் என்று சேர்த்துக்கொண்டார். ஆனால் காருக்குள் நாங்கள் இருவர் மட்டும் இருந்தால்தான் அவருக்குத் தமிழ் வரும். முதலாளியோ குமாஸ்தாக்களோ பக்கத்தில் வந்துவிட்டால் வங்காளமும் இங்கிலீஷும்தான். என்னை அப்போதுதான் முதல் தடவை பார்ப்பவர்போல் பார்ப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரை வெயிலில், முதலாளியின் தாயாரை ரயிலேற்ற ஹௌராவுக்குக் கூட்டிப்போனேன். இரண்டாவது ஹூக்ளி பாலத்தின் ஏற்றத்தில் கம்பெனியின் வெள்ளைக் கார் திணறியது. சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனது. பானட்டின் இடுக்கில் ஆவி சீறியது. இன்ஜின் நின்றேவிட்டது. அந்த வயசான அம்மாள் பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றதை நான் மறக்கவில்லை. ரயில் போய்விட்டது. மறுநாள் முதலாளியின் அறையில், இவன் காலையில் பானட்டைத் திறந்து தண்ணீர் பார்ப்பதே கிடையாது என்று மேனேஜர் சார் வங்காளத்தில் சொன்னார். வண்டி நின்ற அன்று காலை நான் ரேடியேட்டரில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றியபோது பக்கத்தில் நின்று பார்த்தவரே அவர்தான். அன்றோடு வேலை போனது. பெயரும் போனது. துறைமுகத்து டிரைவர்கள் என்னைக் கண்டால், கொரோம் பாபு, டிராமில் ஏறாதே, அதுவும் கொதித்துவிடும் என்பார்கள். இன்ஜினைக் கொன்றவனுக்கு யார் சாவி கொடுப்பார்கள்?

அந்த ஒரு வருஷமும் நான் படுத்தாலும் எழுந்தாலும் அந்த இன்ஜினைத்தான் மனசுக்குள் பிரித்துக்கொண்டிருந்தேன். ரேடியேட்டர் விசிறியின் பெல்ட் தளர்ந்திருந்தால், வண்டி நெரிசலில் நிற்கும்போதுதான் சூடேறும். ஓடத் தொடங்கினால் காற்று பட்டு ஆறிவிடும். என் வண்டி கிடர்பூர் நெரிசலில் அரைமணி நின்றாலும் முள் அசையாது. வேகம் எடுத்தால், மேடு ஏறினால்தான் ஏறும். அப்படியென்றால் காற்று குறையவில்லை, தண்ணீர்தான் போதுமான அளவு சுற்றி வரவில்லை. இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பாலத்தில் ஆவி அடங்கிய பிறகு ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு பாதி கையைச் சுட்டது, மறுபாதி வெறும் வெதுவெதுப்பு. அன்று அதன் பொருள் எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் டிரைவர் வேலையை விட்டுவிட்டு, கிடர்பூரிலேயே ரேடியேட்டர் பட்டறை வைத்திருந்த என் வயசு மிஸ்திரி ஒருவரிடம் கூட்டுச் சேர்ந்தேன். ஒருநாள் பேச்சுவாக்கில் அந்த வெள்ளைக் காரைச் சொன்னதும் அவர் கை நின்றது. பாலத்தில் நிற்பதற்கு முன்பே அந்த ரேடியேட்டர் அவரிடம்தான் வந்திருக்கிறது. பாதிக் குழாய் ஒழுகுகிறது, உள்ளே இருப்பதையே மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். மாற்றினால் வண்டி நான்கு நாள் நிற்கும், இத்தனை நாள் என்ன பார்த்தாய் என்று முதலாளி மேனேஜர் சாரைக் கேட்பார். அதனால் ஒழுகும் குழாய்களையெல்லாம் ஈயம் வைத்து அடைத்துக் கொடு, போதும் என்று மேனேஜர் சார் சொல்லிவிட்டார். அடைத்த பாதியில் தண்ணீர் ஓடாது, அதனால்தான் அன்று அந்தப் பாதி வெதுவெதுப்பாக இருந்தது. மேனேஜர் சாருக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. அதைக் கேட்ட நாள் முதல், அவர் என் வாசலுக்கு வரவேண்டும் என்று காளிகாட் கோயிலுக்குப் போனபோதெல்லாம் வேண்டிக்கொண்டேன். சாமியிடம் கேட்கக்கூடாததுதான். கேட்டேன்.

வந்தார். ஏழெட்டு வருஷம் கழித்து, விஸ்வகர்மா பூஜையன்று. அன்றைக்கு இந்த ஊரில் எந்தப் பட்டறையிலும் ஸ்பேனரைத் தொடமாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். கருவிகள் பொட்டு வைத்துச் சாமி முன்னால் இருக்கும். டாக்ஸியும் பாதிக்கு மேல் ஓடாது. எங்கள் பட்டறையில் பழைய டிரைவர்கள் எல்லாரும் கிச்சடி சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய சொந்தக் கார் ஆவியோடு வந்து வாசலில் நின்றது. தலை நரைத்திருந்தது. பட்டுச் சட்டை போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திகைத்து, பிறகு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார், தமிழில்.

"தம்பி, நம்மாளு நீ. பொண்ணைப் பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஹௌராவுல வந்து எறங்கறாங்க, நான் போய்க் கூட்டிட்டு வரணும். கொஞ்சம் பாரேன்."

பானட்டைத் திறந்தேன். பெல்ட் சரியாக இருந்தது. குழாய்கள் சரி. ரேடியேட்டர் எல்லாப் பக்கமும் ஒரே சூடு, அடைப்பு இல்லை. மூடியின் அடியிலிருந்து மட்டும் துருத் தண்ணீர் வழிந்த தடம். ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. ஆனால் நான் அதைச் சொல்லவில்லை.

"பாக்கறேன் சார். அதுக்கு முன்னாடி, அந்த வெள்ளைக் கார் ஏன் நின்னுச்சுன்னு இவங்ககிட்ட சொல்லுங்க. வங்காளத்துல சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மிஸ்திரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மேனேஜர் சார் சொன்னார். குழாய்களை அடைக்கச் சொன்னது நான்தான், இவன் தண்ணீர் ஊற்றியிருந்தான் என்று அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார். டிராமில் ஏறாதே என்று கேலி செய்தவர்களே தலையைக் குனிந்துகொண்டு இலையைப் பார்த்தார்கள். பிள்ளைகளா, பொய் சொல்ல மாட்டேன். அது எனக்கு இனித்தது.

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

"ரொம்ப நன்றி சார். ஆனா இன்னிக்கு பூஜை. நாங்க ஸ்பேனர் தொடமாட்டோம். வண்டிய விட்டுட்டுப் போங்க, நாளைக்குப் பாக்கலாம்."

அவர் கார்க் கதவைச் சாத்தினார். பட்டுச் சட்டையோடு டிராம் பாதையைப் பார்த்து நடந்தார். வானம் முழுக்கப் பூஜைக்கு விட்ட பட்டங்கள். அவர் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தேன். அவர் பெண்ணைப் பற்றி அப்போது எனக்கு நினைப்பே வரவில்லை. அந்தக் கல்யாணம் நடந்ததா என்று இன்றுவரை யாரிடமும் விசாரிக்கவும் இல்லை.

உங்கள் அப்பா பூஜைக்காக அவ்வளவு உறுதியாக நின்றார் என்று உங்கள் அம்மா இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்கிறாள். அவளிடம் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன். சாப்பிட்டு எல்லாரும் கிளம்பினார்கள். மிஸ்திரியும் வீட்டுக்குப் போனார். நான் அந்தக் காரிடம் போனேன். இன்ஜின் ஆறியிருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திருகி எடுத்தேன். அடியிலிருந்த ரப்பர் வெடித்துத் தூள்தூளாக உதிர்ந்தது; அதன் வழியாகத்தான் தண்ணீர் கொதித்து வழிந்திருக்கிறது. அலமாரியிலிருந்து புது மூடி ஒன்றை எடுத்து வந்து, தண்ணீர் ஊற்றி, வெறுங்கையால் திருகி மூடினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.