கரண்டுக்காக ஜெபித்தேன், கேரல்ஸ் வந்தது

போன வருஷம் கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரம். என் மகள் கெசியா என் மடியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். வெளியே புயல். வீட்டில் கரண்ட் இல்லை. அவளுக்கு அப்போது இரண்டு வயதுகூட முடியவில்லை. ஆனாலும் பிரியமானவர்களே, இது நான் அழுதுகொண்டே சொல்லப்போகிற சாட்சி இல்லை. என் ஆண்டவரைப் பற்றியும் எனக்குப் பெருமை, எங்கள் சபைப் பிள்ளைகளைப் பற்றியும் பெருமை. அதைப் பெருமையாகவே சொல்லிவிட்டுப் போகிறேன்.

நாங்கள் மேனாம்பேட்டில் மாடி வீட்டில் குடியிருக்கிறோம். என் கணவருக்கு ஆவடி தொழிற்சாலையில் வேலை. மழைக்காலம் வந்தாலே கெசியாவுக்கு வீசிங், அதாவது மூச்சிழுப்பு, வந்துவிடும். மருந்தைப் புகையாக்கி உள்ளே அனுப்புகிற நெபுலைசர் மெஷினை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். அதைக் கண்டாலே மகாராணி ஊரைக் கூட்டிவிடுவாள். அந்த மாஸ்க்கை மூக்கில் வைத்து எடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

அன்று காலையிலேயே கீழ்வீட்டில் தண்ணீர் புகுந்துவிட்டது. அங்கே இருக்கிற தேவி அக்கா துணிமணிகளோடு எங்கள் வீட்டுக்கு மேலே ஏறி வந்துவிட்டார். மத்தியானம் பிள்ளைக்கு இழுப்பு ஆரம்பித்தது. வாயில் அடிக்கிற இன்ஹேலர் பம்ப்பை அடித்துப் பார்த்தேன், அடங்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் மூச்சுக்கு மூச்சு விலாவில் குழி விழுந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட போனில் டவர் இல்லை. என் கணவர் இடுப்பளவுத் தண்ணீரில் மெயின் ரோடு வரை போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

"ஒரு ஆட்டோ கூட இல்லமா. புள்ளைய தூக்கினு நடந்துடலாமா?" என்றார்.

அந்த மழையில், அந்த இழுக்கிற தண்ணீரிலா?

"ஜெபம் பண்ணுடி. நானும் என் அம்மனக் கூப்புடறேன்" என்றார் தேவி அக்கா.

பிள்ளையை அவர் மடிக்கு மாற்றிவிட்டு முழங்கால் போட்டேன். நீட்டி முழக்கி ஜெபிக்க எனக்குத் தெம்பு இல்லை. "ஆண்டவரே, கொஞ்ச நேரம் கரண்ட் குடுங்க. அந்த மெஷின் ஓடட்டும். வேற ஒண்ணும் கேக்கல." இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். கண்ணை மூடி ஜெபிக்கக்கூட முடியவில்லை. ட்யூப்லைட்டைப் பார்த்துப் பார்த்து ஜெபித்தேன். அது எரியவே இல்லை.

அப்போது தெருவில் டிரம் சத்தம் கேட்டது.

எங்கள் சபை வாலிபர்கள்! வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸ்! புயல் என்று சொல்லி எங்கள் தெரு ரவுண்ட்ஸைப் போதகர் ஐயா அன்றைக்கு ரத்து செய்து, வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார். டவர் இல்லாததால் பையன்கள் ஒருவருக்கும் அது போய்ச் சேரவில்லை. ஐயா சொன்ன நாள், சொன்ன தெரு என்று கிளம்பிவிட்டார்கள். வேனை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு, தண்ணீருக்குள் நடந்து, தொண்டை கிழியப் பாடிக்கொண்டு வருகிறார்கள். இந்தக் கூத்தை எங்கள் சபைப் பையன்களைத் தவிர வேறு யார் செய்வார்கள்?

என் கணவர் பால்கனியிலிருந்து கத்தினார். "ராபினு! கீபோர்டுக்கு வெக்கிற பேட்டரி, இன்வெர்ட்டர்லாம் வேன்ல கீதா?"

"கீதுண்ணா! இன்னாத்துக்கு?"

"பாப்பாவுக்கு மூச்சு இழுக்குதுடா!"

பாட்டு அப்படியே நின்றது. அத்தனை பேரும் வந்த வழியே திரும்பினார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் இருந்த ராபின்தான் பேட்டரியைத் தலையில் சுமந்து வந்தான். இருவர் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். சிவப்பு அங்கி உடம்போடு ஒட்டிக்கிடந்தது. தாத்தா முகமூடி நெற்றிக்கு மேலே ஏறியிருந்தது, பஞ்சுத் தாடி ஒரு காதில் தொங்கியது. அடடா, அந்தக் கோலத்தில் அவனைப் பெற்ற தாய் பார்த்திருக்க வேண்டும்!

இன்வெர்ட்டரை மாட்டியதும் மெஷின் ஓடியது. நான் மாஸ்க்கை வைத்தேன். கெசியா தட்டிவிட்டாள். அந்த நிலைமையிலும் தட்டிவிடுகிறாள்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. ராபின் என்ன நினைத்தானோ, தன் முகமூடியைக் கீழே இழுத்து மாட்டிக்கொண்டு அவள் எதிரே குந்தினான்.

"பாப்பா, தாத்தாவும் மாஸ்க் போட்டுகினேன் பாரு. நீயும் போட்டுக்கோ. யாரு ஃபர்ஸ்ட்டு கயட்றாங்களோ அவங்க அவுட்டு, சரியா?"

மற்றப் பிள்ளைகள் அந்த முகமூடியைப் பார்த்தாலே அலறுவார்கள். என் மகள் அவனை ஒரு முறை முறைத்தாள். அப்புறம் தானாக முகத்தை நீட்டினாள். மருந்து தீருகிற வரைக்கும் அசையவில்லை. என் சிங்கக்குட்டி!

விலாவில் குழி மெல்ல மெல்லக் குறைந்தது. வெளுத்திருந்த உதட்டில் சிவப்பு திரும்பியது. தேவி அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே, "உங்க சாமி ஆளையே அனுப்சிட்டாருடி" என்றார். அதன் பிறகு கெசியாவை ரெயின்கோட்டில் சுற்றி, பையன்கள் நடுவில் பத்திரமாகத் தூக்கிப்போய், அதே வேனில் முகப்பேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நல்ல நேரத்தில் மருந்து கொடுத்தீர்கள் என்றார் டாக்டர். கர்த்தருக்கே மகிமை. எங்கள் தெருவுக்குக் கரண்ட் மறுநாள்தான் வந்தது.

அதுவரை கேரல்ஸ் வந்தால் வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போகிறவர் என் கணவர். இந்த வருஷம் ரவுண்ட்ஸில் பேட்டரி தூக்குகிறவரே அவர்தான். இந்த டிசம்பரிலும் மழை பிடித்துக்கொண்டபோது, ரவுண்ட்ஸை நிறுத்திவிடலாமா என்று ஐயா சபையில் கேட்டார். நான் கெசியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

"ஐயா, பாட முடியலன்னா பாட வேணாம். பசங்க பக்கத்துல கீற ஊட்டுக்காவது போய், எல்லாரும் நல்லா கீறீங்களான்னு கேட்டுட்டு வரட்டும்."

இப்போது மழை நாளில் எங்கள் பிள்ளைகள் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். பாட்டெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கேட்டது வரவில்லையே என்று சோர்ந்து போயிருக்கிற என் சகோதரியே, நான் கேட்டது கரண்ட். அவர் எனக்கு ஒரு தெரு நிறையப் பிள்ளைகளைக் கொடுத்தார். அவரை நம்புங்கள். அடுத்த முறை புயல் அடிக்கும்போது பக்கத்து வீட்டுக் கதவையும் ஒரு தடவை தட்டுங்கள். உள்ளே ஒரு தாய் முழங்காலில் நின்றுகொண்டிருப்பாள்.