இடம் மாறிய குடல்

புதுக்கடைச் சந்திப்பில் முப்பத்தோர் ஆண்டுகள் வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்தவர் செல்வதாஸ். ஐம்பத்தாறாம் வயதில் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் கண்டது. மருத்துவர்கள் பையை அகற்றி, சிறுகுடலில் ஏறத்தாழ இரண்டடியை வெட்டியெடுத்து, அதையே புதுப் பையாகத் தைத்து வைத்தனர்.

வீடு திரும்பிய வாரம் சிறுநீரோடு வெள்ளை நூல்போல் ஏதோ வரவே, நோய் திரும்பிவிட்டதென்று அவர் கலங்கினார். மருத்துவர் விளக்கினார். குடலின் உட்சுவரில் கோப்பை வடிவச் செல்கள் எண்ணற்றவை உள்ளன. உணவு வழுக்கிச் செல்லவும் குடல் புண்ணாகாதிருக்கவும் அவை சளி சுரக்கின்றன. குடலை வெட்டி வேறிடத்தில் வைத்தாலும் அவை சுரப்பதை விடுவதில்லை; இங்கே உணவு வராது என்பது அவற்றுக்குத் தெரியாது. சளி திரண்டால் வழி அடைத்துக்கொள்ளும். ஆகவே தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். நாள்தோறும் குழாய் செலுத்தி உப்புநீரால் பையைக் கழுவ வேண்டும்.

கழுவும் முறையை மனைவி தேவகனி கற்றுக்கொண்டார். வெளியே ஒருவருக்கும் சொல்லவில்லை. மகள் ஷைஜாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். நோய்க் குடும்பம் என்று பேர் விழுந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று செல்வதாஸ் அஞ்சினார்.

நிச்சயதார்த்த நாளும் வந்தது. புதுப் பை கசிந்து வேட்டி நனைந்து குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று, முந்தைய நாள் நண்பகலிலேயே தண்ணீரைக் குறைத்தவர், கழுவிய நீரும் கசியுமென்று காலையில் பையைக் கழுவவும் விடவில்லை.

"கொஞ்சம் வெள்ளமாவது குடியுங்க" என்று தேவகனி தண்ணீர்ச் செம்பை நீட்டினார்.

"ஏட்டி, ஒரு நாளுதானே? மாப்பிள வீட்டுக்காரங்க முன்னாடி வேட்டிய நனைச்சிட்டு நிக்கவா?"

சபை மண்டபத்தில் மைத்துனர் முத்துநாயகம் எலுமிச்சை பிழிந்த நாரங்கா வெள்ளம் நீட்டினார். செல்வதாஸ் கையை விலக்கினார்.

"என்ன மச்சான், வெள்ளத்தக் கண்டா இப்படி மிரளுதிய? வெறிநாய் ஏதும் கடிச்சுதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செல்வதாஸும் சிரித்தார். அவருடைய அடிவயிறு அதற்குள் கல்லாக இறுகியிருந்தது.

போதகர் திருமணத் தேதியை வாசித்து முடிக்கும்வரை நின்றார், பிறகு சரிந்தார். மாப்பிள்ளை ஜெபிஷ்தான் காரில் தூக்கிப்போட்டு அருகிலிருந்த மருத்துவமனைக்கு விரைந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுத்துவரத் தேவகனி வீட்டுக்கு ஓடினார். மற்றதை மருத்துவரிடம் செல்வதாஸே சொல்லிக்கொள்வார் என்று நினைத்தார்.

பணியிலிருந்த மருத்துவர் வயிற்றுத் தழும்பைக் கண்டு, என்ன அறுவை என்று கேட்டார். செல்வதாஸின் கையைப் பிடித்தபடி ஜெபிஷ் அருகிலேயே நின்றிருந்தார்.

"குடல்ல... சின்ன ஆப்பரேஷன்."

"ஒண்ணுக்குப் போனீங்களா?"

"போனேன்."

முதலாவது பாதி உண்மை. இரண்டாவது முழுப் பொய். பழைய தையலில் குடல் சிக்கியிருக்கும் என்று கருதிய மருத்துவர், நரம்பு வழியே குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். ஏறிய நீர், வழி அடைபட்டிருந்த பையில் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தது.

தேவகனி சீட்டுகளோடு வந்து சேர ஒன்றரை மணி நேரமாயிற்று. முதல் தாளைப் படித்ததும் மருத்துவர் எழுந்து ஓடினார். பை கிழிந்து, சிறுநீரும் சளியும் வயிறெங்கும் பரவியிருந்தன. மறுபடி அறுத்தார்கள், கழுவினார்கள். நஞ்சு இரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது.

நான்காம் நாள், இனி நம்பிக்கையில்லை என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஜெபிஷ் கேட்டார்:

"என்னிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா, மாமி?"

தேவகனி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒனக்குத் தெரியப்பிடாதுன்னுதான் மக்கா, அவரு இப்பம் உள்ள கெடக்காரு."

அன்று பிற்பகல் செல்வதாஸ் இறந்தார்.