மேல்பல்

அக்காவின் நீலச் சேலை முந்தானைதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதை இழுத்துப் பிள்ளையின் வாயை மூடிவிடுவாள். எழுபதுகளின் கடைசி. பனவடலிசத்திரத்தில் அவள் வாழ்க்கைப்பட்ட வீடு. சங்கரன்கோவிலில் தறி ஓட்டிக்கொண்டிருந்த நான், லீவு நாளில் பஸ் ஏறி மருமகனைப் பார்க்கப் போவேன். ஐந்து மாதக் குழந்தை. தூங்குகிறான் என்பாள், முந்தானைக்குக் கீழே கால்கள் உதைத்துக்கொண்டிருக்கும். அப்பா அம்மா போனபின் அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான். என்னிடமே ஒளிக்கிறாளே என்று எனக்கு ரோஷம்.

ஒருநாள் பிள்ளை பால் குடிக்க முடியாமல் வீறிட்டு அழுதான். பொறுக்க மாட்டாமல் முந்தானையை விலக்கினேன். மேலுதடு தூக்கிக்கொண்டு நின்றது. ஈறில் நாவல்பழம் போலக் கருநீல வீக்கம். அதன்மேல் ஒரு சின்னப் பல் சாய்ந்து கிடந்தது. அக்கா என் கண்ணைப் பொத்தப் பார்த்தாள்.

"மேல்பல்லு மொதல்ல வந்துட்டுலே. தாய்மாமனுக்கு ஆகாதும்பாவ. கீழ்ப்பல்லு ரெண்டு வரட்டும், பொறவு பாரு."

சங்கரன்கோவில் டாக்டரம்மா விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அன்றைக்கே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கே எக்ஸ்ரே எடுத்து, துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். பல் வந்து ஈறு வீங்கவில்லை, உள்ளே வளரும் கட்டிதான் பல்லை வெளியே தள்ளியிருக்கிறது என்றார் பெரிய டாக்டர். கைக்குழந்தைகளுக்கு மேல்தாடையில் அபூர்வமாக வருவதாம். பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காதாம்; ஆனால் எலும்பைத் தின்று மளமளவென்று வளருமாம். சிறிதாக இருந்தபோதே வந்திருந்தால் சுலபமாக எடுத்திருக்கலாம், இப்போது தாடை எலும்போடு எடுக்க வேண்டும், ரத்தம் நிறையப் போகும், பிள்ளை தாங்குவானா என்று சொல்ல முடியாது என்றார். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்போ அது தானா மொளைச்ச பல்லு இல்லைல்லா? எந் தம்பிக்கு ஒண்ணும் வராதுல்லா?"

டாக்டருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அங்கிருந்து எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

பிள்ளை தாங்கவில்லை. ஆபரேஷன் முடிந்து ஒரு நாள் இருந்தான்.

எனக்கு இப்போது எழுபது நெருங்குகிறது. சர்க்கரை, கொதிப்பு எதுவும் கிடையாது. கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறேன். அக்கா வீட்டுக்குப் போனால், அவள் இன்றைக்கும் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "நல்லாருக்கியாலே?" என்பாள்.

நன்றாகத்தான் இருக்கிறேன். அதை அவளிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வருவதில்லை.