மூன்றாவது கணு

மிளகுக் கொத்தைக் காலால் மிதித்துத்தான் உதிர்ப்பார்கள். குழந்தைசாமி கையால் உதிர்த்துக்கொண்டிருந்தார். மடியில் முறத்தை வைத்து, ஒவ்வொரு சரமாக விரலிடுக்கில் கொடுத்து உருவினார். அரைக்கூடை முடிவதற்குள் பல தடவை எழுந்துபோய் தோட்டத்து மேட்டைப் பார்த்துவிட்டு வந்தார். எழும்போதெல்லாம் முறம் சரிந்து மணிகள் சிதறின.

"ஏனுங்க, பொறுக்கறதுக்குத் தனியா ஒரு ஆளு வைக்கட்டுங்களா?" என்றாள் அவர் மனைவி மாதம்மாள். "நீங்க உதுத்ததை விட எறைச்சதுதான் சாஸ்தி."

தரையில் நின்று எட்டிய கொத்துகளை அவள்தான் பறித்து வந்திருந்தாள். எட்டாதவை மேட்டில் சில்வர் ஓக் மரங்களைச் சுற்றிய கொடிகளில் இருந்தன. கொத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறித்துவிட வேண்டும். விட்டால் குருவி கொண்டுபோகும், மீதி உதிர்ந்துபோகும். குழந்தைசாமியின் கொடிகளில் சிவப்பு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

அந்த மரங்களில் அவரைத் தவிர வேறு யாரும் ஏணி சாய்த்ததில்லை. ஏணி என்றால் ஒற்றை மூங்கில்தான். பக்கக் கிளைகளைக் கணுவுக்குச் சற்றுத் தள்ளி நறுக்கி, அந்த முளைகளில் பாதத்தைப் பதித்து ஏற வேண்டும். மலைமேல் ஆலத்தூர் நாட்டில் அவரைப் போல வேகமாக ஏற ஆளில்லை. அப்படிப்பட்டவர் விழுந்தது மரத்திலிருந்து அல்ல. ஐப்பசியில் மலையடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் நிற்பதற்குள் இறங்கி விழுந்து, வலது கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். உட்கார்ந்திருக்கத் தெரியாத பிறவி.

எலும்பு முறியவில்லை, சவ்வு கிழிந்திருந்தது. கட்டுப் போட்டார்கள். அவர் அவிழ்த்துவிட்டு நடந்தார். வீங்கியது. மறுபடி கட்டினார்கள், மறுபடி அவிழ்த்தார். தை பிறக்கும்போது கணுக்கால் துருப்பிடித்த கீல் மாதிரி ஆகியிருந்தது.

"சந்தோசை வரச் சொல்லட்டுங்களா?" என்றாள் மாதம்மாள். சந்தோஷ்குமார் அவருடைய தங்கை மகன்.

"அவன் நுனிக் கொப்பை விட்டுட்டு எறங்கிருவான். இன்னைக்கு அந்த அம்மிணி வரட்டும். ஏறலாம்னு சொல்லிரும் பாரு."

அம்மிணி என்றது தேன்மொழியை. கீழேயிருந்து வாரம் ஒரு நாள் பஸ்ஸில் மேலே வந்து, வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். மத்தியானம் வந்தாள். அவர் காலை ஸ்டூலில் வைக்கச் சொல்லி, கணுக்கால் மடிப்பில் இரண்டு கைகளையும் பதித்து எலும்பைப் பின்பக்கமாக அழுத்திப் பிடித்தாள். "குதிகாலைத் தூக்காம முட்டியை முன்னால கொண்டாங்க." வந்தது. போன வாரத்தைவிடக் கொஞ்சம் கூடவே வந்தது. பிறகு கணுக்காலின் வெளிப்பக்கம் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

"செவுத்துப் பக்கம் நின்னு முட்டியால செவுத்தைத் தொடற பயிற்சி சொன்னனே, எத்தனை தடவை பண்ணுறீங்கண்ணா?"

"நீ சொன்ன பத்துத்தான்."

"பத்தா?" என்றாள் மாதம்மாள். "முட்டி பட்டுப் பட்டு சுண்ணாம்பே உதுந்து கெடக்குது. உள்ள போய்ப் பாரு அம்மிணி."

தேன்மொழி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சிரிக்கவில்லை. "காலைல பத்து, சாயங்காலம் பத்து. நடுவுல அது ஆறணும். வீங்க வீங்கப் பண்றதுக்குப் பேரு பயிற்சி இல்லீங்ணா, வம்பு. எந்திரிச்சு ஒத்தைக்கால்ல நில்லுங்க."

இடது காலில் கம்பம் மாதிரி நின்றார். வலது காலுக்கு மாறியதும் உடம்பு ஆடியது. கைகள் காற்றில் துழாவின. மாதம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"தரையிலயே நிக்க மாட்டீங்குதே, மூங்கில்ல நிக்குமா? இந்த வருசம் மரம் வேண்டாங்ணா."

"கெடக்கட்டும். கொத்தை மெதிக்கலாமா அம்மிணி?" என்று கேட்டாள் மாதம்மாள்.

"ஒரு கயித்தைப் புடிச்சுக்கிட்டு, மெதுவா, கொஞ்ச நேரம் மெதிக்கலாம். பாதம் அசையறது நல்லதுதான்."

தேன்மொழி பஸ் ஏறப் போனதும் குழந்தைசாமி முறத்தை எடுத்தார், வைத்தார். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார். மாதம்மாள் ஆட்டைக் கட்டப் போன நேரம் பார்த்து மூங்கிலைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்குப் போனார்.

முதல் மரத்தில் சாய்த்துக் கயிற்றால் கட்டினார். முதல் கணு, இடது கால். இரண்டாவது கணுவில் வலது காலை வைத்தார். வலித்தது, தாங்கியது. மூன்றாவது கணுவில் இடது கால் ஏற வேண்டுமென்றால் மொத்த உடம்பும் வலது கணுக்கால் மேல் மடங்க வேண்டும். அது மடங்கவில்லை. இடது கால் முளையைத் தேடித் தடவியது. வலது பாதம் நழுவி, கெண்டைக்கால் மூங்கிலில் உரசியது. இரண்டு கைகளாலும் மூங்கிலைக் கட்டிக்கொண்டு தொங்கினார். கொத்துகள் தலைக்கு மேலே அப்படியே இருந்தன.

கீழே பார்த்தார். மாதம்மாள் மூங்கிலின் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கைபலத்தில் இறங்கினார். "எப்ப வந்தே?"

"நீங்க மூங்கிலை எடுத்தப்பவே."

"ஒரு சத்தம் போட்டிருக்கலாமில்ல?"

"போட்டா நின்னிருப்பீங்களாக்கும்?"

உரசிய காலைத் துடைத்துக்கொண்டார். திரும்பி நடக்கும்போது, "சந்தோசுக்குச் சொல்லியுடு" என்றார்.

மறுநாள் காலையில் சந்தோஷ்குமார் வந்தபோது அவர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். குதிகால் தரையில், முட்டி சுவரில். பத்து ஆனது. முட்டி இன்னொரு தடவைக்குத் துடித்தது. சுவரை விட்டு விலகி வந்துவிட்டார்.

"மாமா, உங்க மரத்தைத் தொட்டா ஷாக்கு கீக்கு அடிக்காதே?"

"ஏறுடா மாப்ள. கெழக்கால கொப்புல நுனி வரைக்கும் கைய நீட்டு."

முதல் கூடை இறங்கியது. மாதம்மாள் தார்ப்பாயில் கொட்டினாள். குழந்தைசாமி துணி காயும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொத்துகள் மேல் ஏறி நின்றார். குதிகாலை வைத்து, பாதத்தைத் திருப்பி, விரல்களை ஊன்றி மிதித்தார். மணிகள் உதிர்ந்து உருண்டன. அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "நுனிய விட்டுட்டே பாரு!" என்று கத்தினார்.

"மெதிக்கற வேலையப் பாருங்க மாமா!" என்று மரத்திலிருந்து பதில் வந்தது.

மிதித்தார்.