துட்டிக்குப் போன கோல்கீப்பர்

தேங்காய் எண்ணெயில் ஊறிய பழந்தோலுக்கு ஒரு வாடை உண்டு. கோயில் வாகன அறையைத் திறந்ததும் வரும் வாடைக்கும் செருப்புத் தைப்பவரின் பெட்டியைத் திறந்ததும் வரும் வாடைக்கும் நடுவில் எங்கோ நிற்பது அது. சனிக்கிழமை சாயங்காலமானால் நாகர்கோவில் வடசேரியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் அடுக்களை வரைக்கும் அது வந்துவிடும். அப்பா பின்வாசல் படியில் உட்கார்ந்து, தலைக்கு வைக்கிற எண்ணெய்க் கிண்ணத்திலிருந்தே தொட்டுத் தொட்டுத் தம் பூட்ஸுக்குத் தேய்த்துக்கொண்டிருப்பார். “பெத்த பிள்ள தல காஞ்சு கெடக்கு, செருப்புக்கு அபிஷேகம் நடக்கு” என்று அம்மா உள்ளேயிருந்து சொல்வாள். காய்ந்து கிடந்த அந்தத் தலை என்னுடையது.

அப்பா ஒரு ரப்பர் கம்பெனியில் வேலை பார்த்தார். கம்பெனி குலசேகரத்துக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருந்தது. அங்கே அவர் பெயருக்கு நேரே ‘சூப்பர்வைசர்’ என்று எழுதியிருந்தாலும், வந்த சரக்கு எது, போன சரக்கு எது என்று அவருக்குத் தெரியாது. முதலாளிக்குக் கால்பந்துக் கிறுக்கு. பணமுள்ளவர்கள் சிலர் யானை வாங்கிக் கட்டுவதைப்போல அவர் ஒரு டீம் கட்டியிருந்தார். மாநில எல்லைக்கு அந்தப்புறமும் இந்தப்புறமுமாக நடந்த ஒரு லீக்கில் அந்த டீம் ஆடியது. ஆடியவர்களுக்கெல்லாம் மாதச் சம்பளம். அப்பா அதன் கோல்கீப்பர், கேப்டனும் அவரே. நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்று, அப்பாவுக்கு என்ன வேலை என்று வாத்தியார் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார். என் முறை வந்தபோது, “கோல் நிக்காரு சார்” என்றேன். “நிக்கது ஒரு வேலையாடே? நீயுந்தான் இப்ப நிக்க” என்றார் அவர். வகுப்பு சிரித்து முடித்த பிறகும் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

கோல்கீப்பர் மகன் என்றால் காலில் பந்து ஒட்டிக்கொள்ளும் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். தெருப் பந்தில் கோல் போஸ்டுக்கு ஒரு பக்கம் செங்கல், மறுபக்கம் நான். பந்துக்குப் பயந்து விலக மாட்டாது என்பதால் செங்கலுக்கு மதிப்பு கூடுதல்.

அந்த வருஷத்து லீக் வைகாசியில் தொடங்கியது, டீம் தொடக்கத்திலேயே தோற்கத் தொடங்கியது. எதிராளிகளுக்கு முன்வரிசையில் ஓட ஆள் இருந்தது. எங்களுக்கு முன்வரிசையில் கம்பெனி மேனேஜரின் மைத்துனன் இருந்தான். தோற்ற மறுநாள் அப்பாவோடு சந்தைக்குப் போவதைப் போன்ற தண்டனை வேறில்லை. கொட்டாரம் என்ற ஊரிலிருந்து குலை கொண்டுவந்து விற்கும் வாழைக்குலைக் கடைக்காரர் ஒருவர் உண்டு. அப்பாவின் தலை தெரிந்ததும் ஒரு பழத்தைப் பிய்த்து மேலே எறிந்து பிடித்துக் காட்டுவார். “பாத்துக்கிடும் வேய், இதுக்குப் பேருதான் பிடிக்கது. பந்து இத விடப் பெருசுல்லா?” என்பார். சந்தையே சிரிக்கும். அப்பாவும் சிரித்துவிட்டு, அவரிடமே பழம் வாங்குவார்.

லீக்கில் கடைசியாக வருகிற டீம் அடுத்த வருஷம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கவேண்டும் என்பது விதி. இரண்டாந்தரத்தில் ஆடும் டீமுக்குத் தாம் சோறு போட முடியாது என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். டீம் இல்லாத கம்பெனிக்குக் கோல்கீப்பர் எதற்கு? இந்தக் கேள்வி அந்த வருஷம் முழுவதும் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காமல், சாம்பார் வாளிக்கும் ரசத்துக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. அப்பாவுக்கு நெல்வயல் வேலையும் தெரியாது, கணக்கு வேலையும் தெரியாது. விழத் தெரியும், விழுந்து எழத் தெரியும்.

ஆனியில் கடல் கொந்தளித்தது. கட்டுமரம் இறக்க முடியாமல் கடற்கரை ஊர்கள் சும்மா கிடந்த நேரத்தில், அப்பா அப்படியொரு ஊருக்குப் போய், மணலில் பந்தடித்துக்கொண்டிருந்த மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களில் மூத்தவர் சேசடிமை. இடதுகாலால் அவர் அடிக்கும் பந்து, கோலுக்கு வெளியே போவதுபோலப் போய், கோல்கீப்பருக்கு இரக்கம் காட்டுவதுபோல ஒரு கணம் யோசித்துவிட்டு, உள்ளே திரும்பும். மற்ற இருவரும் அவருடைய கூட்டாளிகள். மணலில் ஓடிப் பழகிய கால்களுக்குப் புல்தரை கிடைத்ததும் அவர்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, மேனேஜரின் மைத்துனன் தானாகவே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தான். அவன் டீமுக்குச் செய்த ஒரே நன்மை அது.

ஆடி முழுவதும் வெற்றி. வாழைக்குலைக்காரர் பழத்தை எறிவதை நிறுத்திவிட்டு, “பிள்ளைக்கு ரெண்டு கூடப் பிடியும்” என்று என் கையில் திணித்தார். வாத்தியார் என்னை முன்பெஞ்சுக்கு மாற்றினார். ஜெயித்த வாரங்களில் சேசடிமை ஓலைப்பொட்டியில் மீன் கொடுத்தனுப்புவார். எங்கள் வீடு சுத்த சைவம்; அப்பாவுக்கு அதை வேண்டாமென்று சொல்ல வாய் வராது, அம்மாவுக்கு உள்ளே விட மனம் வராது. பொட்டி கேட்டில் தொங்கும், பக்கத்து வீட்டில் குழம்பாகும், வாசனை மட்டும் மதில் ஏறி எங்கள் ரசஞ்சோற்றுக்கு வந்து சேரும். டீமின் வெற்றியில் எனக்குக் கிடைத்த பங்கு அவ்வளவுதான்.

ஆவணியில் கடல் அடங்கியது, மீன் வந்தது. மூவரும் இரவெல்லாம் கடலில் கிடந்துவிட்டு, கரையேறிய கையோடு கம்பெனி வேனில் ஏறி, மைதானம் வரும்வரை ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். “சம்பளம் கொடுக்கோம்லா, கடலுக்குப் போவாதன்னு சொல்லும்” என்றார் மேனேஜர். அதற்குச் சேசடிமை, “மீன் வருத சமயம் மரத்த எறக்காம இருந்தா கடலு பிறகு நம்மள மதிக்காது அண்ணே” என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா இரண்டு பேருக்கும் தலையாட்டினார். ஏறிய ஏணியில் ஒவ்வொரு படியாக டீம் இறங்கியது. வாழைக்குலைக்காரர் மறுபடியும் பழத்தை எறிந்து பிடிக்கத் தொடங்கினார். நான் பின்பெஞ்சுக்குத் திரும்பினேன்.

கடைசி ஆட்டம் நாகர்கோவிலில், எங்கள் சொந்த மைதானத்தில். ஜெயிக்கவேண்டும் என்றுகூட இல்லை. தோற்காமல் இருந்தால் போதும், டீம் தப்பிக்கும்.

அன்று காலையில் மீன்கூடைச் சைக்கிள்காரர் ஒருவர் கேட்டுக்கு வெளியே நின்று சேதி சொன்னார். சேசடிமையின் ஊரில், விடியலில் கரைக்குத் திரும்பிய கட்டுமரம் ஒன்று அலையில் கவிழ்ந்து ஒருவர் இறந்துவிட்டார். இறந்தவர் எங்கள் ஆட்டக்காரர்கள் யாருக்கும் உறவில்லை. ஆனால் கடலில் ஒரு ஆள் போனால், அடக்கம் முடியும்வரை அந்தக் கரையில் ஒரு மரமும் இறங்காது, எவரும் எந்த வேலைக்கும் போக மாட்டார்கள். அடக்கம் சாயங்காலம். ஆட்டமும் சாயங்காலம்.

மேனேஜர் வேனோடு வந்தார். “நீரு போய்க் கேட்டா சேசடிமை வருவான். வேற ஆரு போனாலும் வரமாட்டான்” என்றார் அப்பாவிடம். ஆட்டத்துக்கு எப்போதும் அப்பாவோடு போகிற வழக்கத்தில் நானும் வேனில் ஏறிக்கொண்டேன். அம்மா வாசல்வரை வந்தாள்.

“கேட்டிருவியளா?”

“கேக்கத்தானே போறேன்” என்றார் அப்பா.

அந்த ஊர்க் கரையில் மரங்கள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. மாதா கோயிலில் துக்க மணி விட்டுவிட்டு அடித்தது. மேனேஜர் வேனிலேயே இருந்துகொண்டார். ஓலைப்பந்தலுக்குக் கீழே ஆண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அவர்கள் நடுவே உட்கார்ந்தார், நான் அவர் பக்கத்தில். சேசடிமை எழுந்துவந்து அப்பாவுக்கு அருகில் உட்கார்ந்து, அப்பாவின் கையை எடுத்துத் தம் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். பந்து பிடித்துப் பழகிய கை அது. உள்ளே பெண்கள் அழுதார்கள். அப்பா இரண்டு முறை தொண்டையைச் செருமினார். இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதை எங்கள் பக்கத்தில் ‘துட்டி கேட்பது’ என்பார்கள். பெயரில்தான் கேட்பது இருக்கிறது. போனவர் எதையும் கேட்கக்கூடாது, புறப்படும்போது ‘வாறேன்’ என்று சொல்லவும் கூடாது. சாவு வீட்டுக்கு மறுபடி வருவதாக யாராவது சொல்வார்களா? பேசாமல் எழுந்து, திரும்பிப் பாராமல் போய்விடவேண்டும். அப்பா அப்படித்தான் எழுந்தார். கையை உருவிக்கொண்டார், துண்டைத் தோளில் போட்டார், நடந்தார்.

வேனில் ஏறியதும் மேனேஜர், “கேட்டேரா?” என்றார்.

“துட்டி வீட்டுல என்னத்தக் கேக்க?”

“நீரு ஒரு வார்த்த கேட்டிருந்தா வந்திருப்பான் வேய்.”

“வந்திருப்பான்” என்றார் அப்பா. “அதுக்காச்சுட்டிதான் கேக்கல்ல.”

வேன் நாகர்கோவிலுக்குத் திரும்பியது.

சேசடிமையின் சட்டையை மேனேஜரின் மைத்துனன் போட்டுக்கொண்டான். அது அவனுக்கு வயிற்றோடு நின்றது. மற்ற இரண்டு சட்டைகளைக் கம்பெனி டிரைவரும் ரப்பர் ஷீட் எடை போடும் பையன் ஒருவனும் மாட்டிக்கொண்டார்கள். முன்னே ஆட ஆளில்லாததால் ஆட்டம் முழுக்க எங்கள் கோலுக்கு முன்னாலேயே நடந்தது. அப்பா விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். அப்படியொரு ஆட்டத்தை அவர் அதற்கு முன் ஆடியதில்லை என்று சொல்வதற்கு எனக்குக் கால்பந்து அறிவு போதாது. ஆனால் எதிராளிகள்கூட ஒரு கட்டத்தில் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். முடிய சற்று நேரம் இருக்கையில், யாரோ தூரத்திலிருந்து தட்டிவிட்ட உயிரில்லாத பந்து ஒன்று உருண்டு வந்தது. நான்கூடப் பிடித்திருப்பேன், செங்கல்கூடத் தடுத்திருக்கும். அது அப்பாவின் கைக்கடியில் போய்விட்டது.

மைதானத்து மதில்மேல் இருந்து ஒரு குரல் வந்தது: “எவ்வளவு வேய் வாங்கினீரு?”

அந்தக் குரலுக்கு அன்றைக்கே ஆயிரம் காது கிடைத்தது. காலையில் கம்பெனி வேனில் கேப்டன் எங்கேயோ போய்வந்ததை வடசேரியில் பார்த்தவர்கள் இருந்தார்கள், அது போதாதா? எங்கே போனார் என்று தெரிந்த மேனேஜர் வாயைத் திறக்கவில்லை. அப்பாவும் திறக்கவில்லை. திறந்திருந்தால் பழி கடற்கரைக்குப் போயிருக்கும். வாழைக்குலைக்காரர் அதன்பிறகு பழத்தை எறியவில்லை. அப்பாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எறிந்தே இருக்கலாம்.

டீமைக் கலைத்தார்கள். மற்றவர்களை அனுப்பிவிட்டு, அப்பாவுக்கு மட்டும் இரக்கம் காட்டி, ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்தும் கூடத்தில் வேலை கொடுத்தார்கள். பந்து பிடித்த கையால் அவர் ஷீட்டுகளைத் திருப்பித் திருப்பித் தொங்கவிட்டார். சனிக்கிழமை சாயங்காலங்களில் வீட்டுக்குப் புகைநாற்றத்தோடு வந்தார், இருமலோடு இருந்தார். எண்ணெய்க் கிண்ணம் முழுவதும் என் தலைக்கே கிடைத்தது. அத்தனை எண்ணெய் வைத்தும் பிற்பாடு தலையில் முடி நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது அந்த மைதானத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. கோல் இருந்த பக்கம் கார் நிறுத்துகிறார்கள். என் மகன் கண்விழித்து ஐரோப்பாவின் ஆட்டங்களைக் கைப்பேசியில் பார்க்கிறவன். எந்த டீம் எந்த வருஷம் கீழே இறங்கியது, எது மேலே வந்தது என்பதெல்லாம் அவனுக்குப் பாடம். கீழ்ப்பிரிவுக்கு இறங்குவது என்றால் என்னவென்று ஒருநாள் எனக்கு விளக்கிச் சொன்னான். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அப்பா போன வருஷம் காலமானார். வந்தவர்களில் பாதிப்பேர் கைப்பேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கைகொடுத்து, “அப்ப வாறோம், பாப்போம்” என்று சொல்லிவிட்டே போனார்கள். பின்வரிசையில் ஒருவர் இன்னொருவரிடம், “அந்தக் கடைசி மேட்சுல வாங்கினாருன்னு சொல்லுவாவ” என்று மெதுவாகச் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. இத்தனை வருஷத்தில் வதந்திக்கு மட்டும் இருமல் வரவில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு சேசடிமை வந்தார். நரைத்து, ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு. என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தம் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

“மேட்சு நாளும் அதுவுமா, வண்டிய நிறுத்திட்டு எங்க ஊரு துட்டிக்கு வந்து மணல்ல இருந்த மனுசன்லா மக்கா” என்றார். “பந்தப் பத்தி ஒரு வார்த்த பறயல்ல.”

அப்பா அன்று கேட்கத்தான் வந்தார் என்பது என் நாக்கு நுனிவரை வந்தது. மேனேஜருக்கும் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருந்த விஷயம். முதல் இருவரும் இப்போது இல்லை.

“ஆமா” என்றேன்.

அவர் கையை விட்டார், கம்பை ஊன்றி எழுந்தார். ஒன்றும் சொல்லாமல், திரும்பிப் பாராமல், இடதுகாலை லேசாக இழுத்தபடி தெருமுனைவரை நடந்து மறைந்தார். அன்று அப்படிப் போனவர் அவர் ஒருவர்தான்.

மகன் என் அருகில் வந்து நின்றான். “யாருப்பா அது?”

“தாத்தா டீம்ல முன்னால ஆடினவரு.”

அவன் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

“எந்த டீம்?”