நூற்றுக்கு மேல் ஒரு வாஷர்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக்கூட்டிப் படிப்பேன். கையெழுத்து மட்டும் யார் பார்த்தாலும் மெச்சுகிற மாதிரி போடுவேன். அந்தக் கையெழுத்துதான் என்னை இந்த வம்பில் கொண்டுபோய் மாட்டியது.

சூலூருக்கு வெளியே எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை. தண்ணீர் மோட்டாரில் குழாய் சேருகிற இடத்தில் நீர் கசியாமல் இருக்க வட்டமாக ஒரு ரப்பர் வைப்பார்கள். அந்த வாஷர்தான் எங்கள் தொழில். ரப்பர் ஷீட்டை மெஷினில் வைத்து வெட்டுவது, ஓரத்துப் பிசிறை நறுக்குவது, எண்ணிப் பொட்டலம் கட்டுவது. வேலைக்குப் பதினோரு பெண்கள் வருகிறார்கள். வீட்டுக்காரர் போன பிறகு லைசென்ஸ் முதல் கரண்ட் கார்டு வரை எல்லாம் என் பேரில் இருக்கிறது. ஓட்டுவது மருமகள். நான் பிசிறு பார்ப்பேன். ஓரத்தில் விரலை ஒரு சுற்று விட்டால் போதும், கண்ணாடி கூட வேண்டாம்.

ஒரு நாள் மருமகள் போனைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தாள். முகம் சுண்டிக் கிடந்தது.

"அத்தை, மோட்டார் கம்பெனியிலருந்து மெயில் வந்துருக்குதுங்க. நம்ம பேருக்கு நேரா செவப்புப் போட்டுட்டாங்க."

"பிசிறு கெடக்குதுங்கறாங்களா?"

"பிசிறில்லீங்க. எண்ணிக்கை தப்பாம். எல்லாப் பொட்டலத்துலயும்."

எனக்குச் சுருக்கென்றது. "கொறையுதுங்கறானா? என்ர பொட்டலத்துலயா?"

"இல்லீங்கத்தை. ஒண்ணு சாஸ்தியாம்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். பொட்டலத்தின் மேல் நூறு என்று அச்சடித்திருக்கும். உள்ளே நூற்றியொன்று இருக்கும். பட்டறை தொடங்கிய நாள் முதல் அப்படித்தான். மொய் எழுதினால் மொட்டையாக நூறு எழுதுவோமா? நூற்றியொன்று எழுதுவோம். என் அப்பா பொள்ளாச்சிச் சந்தைக்குத் தேங்காய் அனுப்பியவர். நூறு காய் எண்ணி வண்டியில் போட்டதும் கையை ஓங்கி மேலுக்கு ஒரு காய் போடுவார். அதைப் பார்த்து வளர்ந்தவள் வாஷரை மட்டும் நூறோடு நிறுத்துவேனா?

இத்தனை வருஷமாகக் கம்பெனியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன்பு அங்கே இருந்த ஸ்டோர்க்காரர் மேலுக்கு வந்ததையெல்லாம் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்து, தெரிந்தவர் வீட்டு மோட்டாருக்கெல்லாம் கொடுத்து நல்ல பேர் வாங்கியிருக்கிறார். அவர் ஓய்வு பெற்றதும் எடை போட்டு எண்ணுகிற தராசு ஒன்றை வாங்கி வைத்துவிட்டார்கள். அதற்குக் கொடுக்கவும் தெரியாது, வாங்கவும் தெரியாது. நூற்றியொன்றைக் கண்டதும் கத்தியிருக்கிறது.

மெயிலில் இன்னும் இருந்தது. ஓனர் ஆறு வாரம் ஆன்லைனில் தரப் பயிற்சி படிக்க வேண்டும். பிழைக்கு மூலகாரணம் கண்டுபிடித்துச் சரிசெய்து, கடைசியில் விளக்கிப் பாஸாக வேண்டும். இல்லையென்றால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். எங்கள் சரக்கில் முக்கால்வாசி அந்தக் கம்பெனிக்குத்தான். அது போனால் பதினோரு பேரில் எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

"நீயே படிச்சுபோடு கண்ணு" என்றேன்.

"கேமராவுல ஓனர் மூஞ்சி தெரியோணுமாமுங்க. கையெழுத்துப் போட்டவங்க தானாம்."

புதன்கிழமை மூன்று மணிக்கு வகுப்பு. நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மருமகள் ரப்பர் ஷீட் கட்டின் மேல் லேப்டாப்பை வைத்துவிட்டு, கேமராவில் விழாமல் பக்கத்தில் முக்காலி போட்டு அமர்ந்தாள். திரையில் கட்டம் கட்டமாக ஆட்கள். நடுவில் பயிற்சியாளர், நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும், பெங்களூரிலிருந்து பேசினார்.

"மேடம், பின்னாடி என்ன சத்தம்?"

"மெசினுங்க."

"கொஞ்சம் ஆஃப் பண்ண முடியுமா?"

நிறுத்தச் சொன்னேன். பதினோரு பேரும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என் பின்னால் வந்து உட்கார்ந்தார்கள். அதற்குள் தலைக்கு மேல் விமானப்படை விமானம் ஒன்று போனது. "அதையும் ஆஃப் பண்ண முடியுமா?" என்றார். அதற்கு வேறு ஆளைக் கேட்க வேண்டும் என்று சொன்னேன்.

அன்றைக்கு ஏழு வகை விரயங்களைப் பற்றிப் பாடம். அதில் ஒன்று காத்திருப்பது. வேலைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம் என்றார். சரியாகத்தான் பட்டது.

"ஏனுங்க சாருங்க, இங்க பதனோரு பேரு உங்க பாடம் எப்ப முடியும்னு காத்துட்டிருக்கறாங்க. அது எந்த வகைங்க?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அருமையான உதாரணம் என்றார். அதை எல்லோருக்கும் விளக்குவதற்காக வகுப்பை இன்னும் அரை மணி நேரம் நீட்டினார்.

படித்து முடித்தால், கராத்தேயில் கொடுக்கிற மாதிரி தேர்ச்சிக்கு ஒரு பெல்ட் என்றார்கள். முதலில் வெள்ளை, பிறகு மஞ்சள், பச்சை, கடைசியில் கறுப்பு. நல்ல காரியத்தைக் கறுப்பில் கொண்டுபோய் முடிக்கிற படிப்பை அன்றுதான் பார்த்தேன். எங்களுக்கு மஞ்சள் போதும் என்று கம்பெனி சொல்லியிருந்தது. மஞ்சள் என்றதும் நானும் ஒப்புக்கொண்டேன்.

"அம்மா, அந்தப் பெல்ட்டச் சேலைக்கு மேல கட்டோணுமுங்களா?" என்று பொட்டலம் கட்டுகிறவள் கேட்டாள். பின்னால் இருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள்.

மூன்றாம் வாரம் அவளை வைத்துத்தான் வீட்டுப்பாடம். ஒரு பிழை நடந்தால் ஏன் என்று ஐந்து முறை கேட்க வேண்டுமாம். ஒவ்வொரு பதிலுக்கும் மேல் இன்னொரு ஏன். ஐந்தாவதில் மூலகாரணம் தானாக வெளியே வரும் என்றார் பயிற்சியாளர். அவளை முன்னால் உட்கார வைத்தேன். மருமகள் குறித்துக்கொண்டாள்.

"நூறு போடற எடத்துல ஏன் நூத்தியொண்ணு போட்ட?"

"நீங்கதானுங்கம்மா போடச் சொன்னீங்க."

"நான் ஏன் சொன்னேன்?"

"மொட்டையா அனுப்பப்படாதுன்னுங்க."

"ஏன் அனுப்பப்படாது?"

அவள் மருமகளைப் பார்த்தாள். "என்னுங்க்கா, அம்மாவுக்கு ஒடம்புக்கு முடியலீங்களா?"

"பதில் சொல்லு அம்மணி. ஏன்?"

"நல்லாருக்காதுங்க."

"ஏன் நல்லாருக்காது?"

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுந்து போய்விட்டாள். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் தன் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தம்மா சென்னிமலையிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்திருந்தார். எங்கள் பக்கம் ஒரு ஆளை உட்கார வைத்து ஏன் ஏன் என்று அஞ்சு தரம் கேட்டால், ஏதோ காணாமல் போயிருக்கிறது என்றுதான் அர்த்தம். எனக்கு அது தோன்றாமல் போனது என் தப்புதான்.

"ஏனுங்க, புள்ள மேல எதாச்சுமுங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார் மாமியார்.

"ஐயோ, இல்லீங்க. பாடமுங்க."

"பாடமுங்களா? இந்த வயசுலீங்களா?"

எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏன் நல்லாருக்காதுன்னு அவளுக்குச் சொல்லத் தெரியலீங்க. நூறோட நிறுத்துனா, எண்ணுனவ எங்க நிறுத்துனோம்னு சந்தேகப்படுவாளுங்க. மேலுக்கு ஒண்ணு விழுந்தாத்தானுங்க கணக்கு முடிஞ்சுதுன்னு மனசுக்குப் படும்" என்றார். பழச்சீப்பை என் கையில் கொடுத்தார். எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு பழம் சீப்பில், தனியாக ஒன்று மேலே.

மருமகள் அதையும் கடைசிப் பதிலாக எழுதி அனுப்பிவிட்டாள். பயிற்சியாளர் பதில் போட்டார்: காரணம் கிடைத்துவிட்டது, பாராட்டுகள், இனி மேலுக்குப் போடுவதை நிறுத்திவிடுங்கள், பிழை சரியாகிவிடும்.

நிறுத்துவதா? எனக்கும் மருமகளுக்கும் அன்று முதல் தகராறு.

"ஒரே ஒரு வாசருங்கத்தை. அதுக்காக எட்டுப் பேரு பொழப்பக் கெடுக்கோணுமுங்களா?"

"என்ர கையால மொட்டையா ஒரு பொட்டலம் போனதில்ல."

"உங்க கை போடாதுங்க. அவிய கை போடட்டும். நீங்க அக்கட்டால திரும்பிக்கோங்க."

எட்டுப் பேர் என்று அவள் சொன்னது குத்தியது. சரி, ஒரு வாரம் நூறாகக் கட்டிப் பார்ப்போம் என்றேன். அக்கட்டால திரும்பியும் உட்கார்ந்தேன்.

அந்த வாரத்தைப் போல் ஒரு கூத்தை எங்கள் பட்டறை கண்டதில்லை. பெண்கள் அஞ்சஞ்சாக எடுத்து இருபது கை போடுவார்கள். இருபதாவது கை விழுந்ததும் "மேலுக்கு ஒண்ணு" என்று வாய்விட்டுச் சொல்லி ஒன்றைப் போட்டுப் பையை மூடுவார்கள். அந்தச் சொல் இல்லாமல் கை நிற்கவில்லை. ஒருத்தி பத்தொன்பதாவது கையில் மூடினாள். ஒருத்தி இருபத்தொன்று வரை போனாள். ஒருத்தி பழக்கத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு, நினைவு வந்து இரண்டை எடுத்தாள். மூடிய பையை அவிழ்த்து எண்ணுவதும், எண்ணியதை நம்பாமல் இன்னொருத்தியிடம் கொடுப்பதுமாகப் போயிற்று. தொண்ணூற்றைந்து, நூற்றிரண்டு, தொண்ணூற்றொன்பது, நூற்றைந்து. சரியாக நூறு வந்த பையைக் கண்டால் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

மருமகள் எல்லாவற்றையும் நோட்டில் குறித்தாள். வெள்ளிக்கிழமை நோட்டை மூடிவிட்டு, "அத்தை, பழையபடி ஒரு நாள் கட்டச் சொல்லுங்க. அதையும் எண்ணிப் பாக்கறேன்" என்றாள்.

பழையபடி கட்டினோம். அன்றைக்குக் கட்டிய அத்தனை பையிலும் நூற்றியொன்று. ஒன்று கூடப் பிசகவில்லை. நான் காபியைக் கொஞ்சம் சத்தமாகக் குடித்தேன்.

ஆறாம் வாரம் விளக்கம். கம்பெனியின் தர அதிகாரியும் ஒரு கட்டத்தில் வந்து அமர்ந்திருந்தார். மருமகள் இரண்டு படம் போட்டாள். ஒன்று அந்தக் கூத்து வாரம், மலையேறி இறங்குகிற மாதிரிக் கோடு. இன்னொன்று நூற்றியொன்றுக் கோடு, மேசை விளிம்பு மாதிரி நேராக இருந்தது. பேசியது நான்.

"சாருங்க, எங்க எண்ணிக்கைல தப்பில்லீங்க. பைக்கு மேல அச்சடிச்சிருக்கறதுதானுங்க தப்பு. நூத்தியொண்ணுன்னு அடிச்சுபோட்டா எல்லாம் சரியாப் போயிருமுங்க."

பயிற்சியாளர்தான் முதலில் பேசினார். இவ்வளவு சீரான கோட்டைத் தன் பயிற்சியிலேயே பார்த்ததில்லை என்றார். அதிகாரி தொண்டையைக் கனைத்தார்.

"மேடம், எங்க சிஸ்டம்ல நூறுதான் இருக்கு."

"மாத்தறதுக்குத்தானுங்களே இத்தன பேரு ஆறு வாரமாப் படிச்சோம்?"

மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று போய்விட்டார். அந்த ஒரு வாரம் நானும் மருமகளும் போன் மணி அடித்தால் ஒன்றாக எழுந்தோம். எட்டுப் பேரும், தாங்கள் எந்த எட்டுப் பேர் என்று தெரியாமல், பதினோரு பேராகக் கவலைப்பட்டார்கள்.

மெயில் வந்தது. நூற்றியொன்று ஏற்கப்பட்டது. பைக்கு விலை மட்டும் பழைய விலைதான். ஆர்டர் தொடரும், எங்கள் பேருக்கு நேரே இனிப் பச்சை. மஞ்சள் பெல்ட்டுக்கு ஒரு காகிதமும் வந்தது. அதைக் கட்ட முடியாது, மாட்டத்தான் முடியும் என்று மருமகள் சொன்னாள். மெஷினுக்கு நேர் எதிரே மாட்டினோம்.

நூற்றியொன்று அச்சடித்த பைகள் வந்து இறங்கிய அன்று பொட்டலம் கட்டுகிறவள் இருபது கை போட்டாள், மேலுக்கு ஒன்று போட்டாள். பையை மூடாமல் என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்கம்மா, இப்ப நூத்தியொண்ணு அவிய கேட்ட கணக்காச்சுங்களே. நாம குடுக்கறது எதுங்க?"

பட்டறையே நின்றுவிட்டது. மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்து, "பைக்குள்ள கைய வெச்சீங்கன்னா பாருங்க" என்றாள்.

பைக்குள் நான் கை வைக்கவில்லை. எல்லாப் பையும் சாக்கில் ஏறி, வாய் தைத்து முடிந்ததும், நல்லதாக ஒரு வாஷரை எடுத்தேன். ஓரத்தில் விரலை ஒரு சுற்று விட்டுப் பார்த்தேன். சாக்குத் தைத்த நூலின் நுனியில் கோத்து வெளியே தொங்கவிட்டேன். வண்டி போனது.

மூன்றாம் நாள் மெயில். பொட்டலங்கள் அனைத்தும் சரி, பச்சை அப்படியே இருக்கிறது. ஆனால் சாக்குக்கு வெளியே தொங்கிய ஒரு வாஷர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஐந்து முறை ஏன் கேட்டுக் காரணம் அனுப்பவும்.

மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு அவளாகவே லேப்டாப்பைத் தூக்கி ரப்பர் ஷீட் கட்டின் மேல் வைத்தாள். நான் பொட்டலம் கட்டுகிறவளைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்து, கேள்வியை ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட்டேன்:

"இந்தத் தடவை உன்ர மாமியாரக் கூட்டீட்டு வராத. வந்தாலும் பழம் வேண்டாம்."