விரால் குஞ்சு கறுக்கும் வரை

என் மனைவிக்குத் தஞ்சாவூரில் கர்ப்பப்பையை எடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்த ஐப்பசி மாதத்தில், பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “விரால் குடுத்தீங்களா?” செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டவர்களும் உண்டு. வயிற்றைக் கிழித்துத் தையல் போட்டுக்கொண்டவர்களுக்கு விரால் மீன் குழம்பு வைத்துக் கொடுத்தால் புண் சீக்கிரம் ஆறிவிடும் என்பதில் எங்கள் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை. அதை வேளை தவறாமல் கொடுத்து வந்த எனக்கு ஒரு பாராட்டும் கிடைக்கவில்லை.

நான் எங்கள் ஊரை அடுத்த பாபநாசத்தில் சின்னதாக எலெக்ட்ரிகல் கடை வைத்திருப்பவன். பிள்ளைகள் வெளியூரில் வேலையில் இருக்கிறார்கள். அதனால் கடையைப் பாதி நாள் மூடிவிட்டு, சமையல், துணி, மருந்து எல்லாவற்றையும் நானே பார்த்தேன். ரசம் நன்றாகவே வைத்தேன் என்பது என் கருத்து. அவள் அதைக் கசாயம் என்றே குறிப்பிட்டு வந்தாள்.

வாயில் அத்தனை தெம்பு இருந்தாலும் வயிற்றில் தையலின் ஒரு முனை சேரவில்லை. மற்ற இடமெல்லாம் காய்ந்துவிட்டது. அந்த ஓரத்தில் மட்டும் தினமும் கசிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி நானே துடைத்துக் கட்டு மாற்றினேன். “ஆறிடும், கொஞ்சம் டைம் எடுக்கும்” என்றார் டாக்டர். விராலைப் பற்றிக் கேட்டேன். “தாராளமா குடுங்க. எந்த மீன் வேணா குடுங்க. முட்டை, பருப்பும் குடுங்க” என்று சொல்லி அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது. திரும்ப அட்மிட் பண்ணச் சொல்வார்களோ, திரும்பவும் தைப்பார்களோ என்று. பயந்தவனுக்கு டாக்டர் சொல்வதும் சரியாகத்தான் தோன்றும், பார்க்க வந்த அவள் சித்தி சொல்வதும் சரியாகத்தான் தோன்றும்.

மீன் கடைக்குப் போனேன். தொட்டியில் உயிரோடு விரால் நெளிந்துகொண்டிருந்தது. பண்ணையில் தீனி போட்டு வளர்த்தது என்று கடைக்காரரே சொன்னார். போன் போட்டுக் கேட்டதற்கு, வளர்ப்பு விரால் மருந்துக்கு ஆகாது, குளத்து விராலாகப் பாருங்கள் என்று சித்தி சொல்லிவிட்டார். குளத்து விரால் இப்போது எங்கே கிடைக்கிறது? வயலுக்கு அடிக்கிற மருந்தெல்லாம் வாய்க்காலில்தான் வடிகிறது. கோடையில் குளத்தை இறைத்துச் சேறு வரை வழித்து எடுத்துவிடுகிறார்கள். கையை வீசிக்கொண்டு திரும்பி வந்தேன்.

டாக்டர் அவளைத் தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருந்தார். கொல்லைக்குப் பின்னால் ஊர்க் குளம். அதன் கரையில் ஒரு சுற்று நடப்பதற்கு அவளை அழைத்துப் போவது பெரும்பாடாக இருந்தது. வலிக்கிறது, வெயில் அடிக்கிறது, சகதியாக இருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் சொல்வாள். ஒருநாள் காலை அவளே எனக்கு முன்னால் எழுந்து போய்விட்டாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

“ஏங்க, இங்க வந்து பாருங்க. தண்ணி கொதிக்குது.”

அல்லிக்கொடி ஓரத்தில் ஒரு முறம் அகலத்துக்குத் தண்ணீர் உலை மாதிரி பொரிந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தால் அத்தனையும் மீன்குஞ்சு. செக்கச்செவேல் என்று, சீரகத்தைவிடக் கொஞ்சம் பெரிய குஞ்சுகள். எல்லாம் ஒன்றாக மேலே வந்தன, வாயைத் திறந்தன, ஒன்றாகக் கீழே போயின. நீர் தெளிந்தபோது அடியில் கறுப்பாக ஒன்று கிடந்தது. கட்டை என்று நினைத்தேன். கட்டை நகர்ந்தது. முழங்கை நீளத்துக்கு ஒரு விரால்.

அன்றிலிருந்து நடக்கச் சொல்லி நான் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. காலையில் ஒருமுறை, வெயில் தாழ்ந்து ஒருமுறை அவளே கிளம்பிவிடுவாள். படித்துறையின் மேல்படியில் தலையணை போட்டு உட்கார்ந்துகொண்டு என்னைக் கேள்வி கேட்பாள். மீன் எதற்கு அடிக்கடி மேலே வருகிறது? பெரியது எப்போது சாப்பிடுகிறது? பக்கத்திலேயே இத்தனை குஞ்சு திரிகிறதே, பசித்தால் இதையே தின்றுவிடாதா? நாற்பது வருஷமாக மீன் தின்கிறவன் நான். ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. வறுவலுக்கு எது, குழம்புக்கு எது என்பதோடு என் மீன் ஞானம் முடிந்துபோயிருந்தது. போனில் தேடிப் படித்துக் காட்டினேன். விராலுக்குச் செவுள் மட்டும் போதாதாம், மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டுமாம். குஞ்சுக்குத் தாயும் தகப்பனும் காவல் இருக்குமாம். கடைசி வரை நிற்பது பெரும்பாலும் ஆண்தானாம்.

“ஆம்பளையா?” என்று கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். “இருக்கட்டும். இங்கயும் ஒண்ணு கசாயம் வெச்சுக்கிட்டு நிக்கிதுல்ல.”

ஒரு நீர்க்காகம் தினமும் வரும். அது முங்கும்போதெல்லாம் அந்த விரால் அம்பாகப் பாய்ந்து தண்ணீரை அடிக்கும். காகம் பயந்து விலகும். குஞ்சுக் கூட்டம் அப்படியே ஒரு சாண் தள்ளிப் போய் மறுபடி பொரியும். நாங்கள் இருவரும் சினிமா பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்போம். பஞ்சாயத்தில் குளத்தை ஏலம் எடுத்தவர் கட்லா, ரோகு மீன்குஞ்சுகளை விட்டிருக்கிறார். விரால் அவர் விட்டதில்லை. மழைத் தண்ணீரோடு வாய்க்கால் வழியாகத் தானே ஏறி வந்தது. தான் விட்ட குஞ்சுகளைத் தின்கிற திருட்டு மீன் என்று அவருக்கு அதன்மேல் கோபம். அதனால் யார் பிடித்தாலும் ஏன் என்று கேட்க மாட்டார்.

அந்தச் சமயத்தில்தான் என் மைத்துனன் ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்தான். அக்காள் என்றால் அவனுக்கு உயிர். பெட்டியைப் பிரித்ததும் பேரீச்சம்பழத்தோடு ஒரு தூண்டிலும் வெளியே வந்தது. மடக்கு கம்பு, சுற்றுகிற ரீல், முள் மறைத்த ரப்பர் தவளை. எல்லாம் யூடியூப் பார்த்து வாங்கியது. “ஊருல எல்லாரும் சொன்னாங்க மாமா. குளத்து விரால் இல்லாம அக்காவுக்குப் புண்ணு ஆறலையாமே. நான் புடிச்சுத் தர்றேன்” என்றான். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அன்று காலை கட்டுத்துணி வழக்கத்தைவிட அதிகம் நனைந்திருந்தது.

அவளோ தன் குளத்தைத் தம்பிக்குக் காட்டுகிற அவசரத்தில் இருந்தாள். காபிகூடக் குடிக்க விடாமல் அவனைப் படித்துறைக்குக் கூட்டிப் போனாள். “பாருடா, எவ்வளவு செவப்பு பாரு” என்று அவள் காட்டியதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

“அக்கா, உனக்கு அதிர்ஷ்டம்க்கா. குஞ்சு இருக்குற எடத்துலதான் பெரிசு இருக்கும். நான் தேடி அலைய வேணாம்.”

“எப்படிடா புடிப்பே? தவளையைத் திங்க வருமா?” அவளுக்கு அதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

“திங்கவெல்லாம் வராது. குஞ்சுக்கு நடுவுல தவளையைப் போட்டா கடிச்சுத் தொரத்த வரும். அப்ப மாட்டிக்கும்.”

எங்கள் பக்கத்தில் தூண்டில் போடுகிற எல்லோருக்கும் தெரிந்த முறைதான் அது. எனக்கும் தெரியும். அவளுக்குத்தான் தெரியாது. அவள் “இருடா” என்று சொல்லி முடிப்பதற்குள் தவளை சிவப்புக்கு நடுவில் போய் விழுந்துவிட்டது. தண்ணீர் ஒரு அடி எழும்பியது. கம்பு வளைந்தது. கொஞ்ச நேரத்தில் விரால் புல்லில் கிடந்து துள்ளியது. வாயோரம் கிழிந்து ரத்தம். அவன் அதை வாளியில் போட்டுத் தட்டால் மூடினான்.

அவள் வாளியைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தாள். குஞ்சுக் கூட்டம் முறம் அகலத்திலிருந்து பாய் அகலமாகச் சிதறி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் இருந்தது. நீர்க்காகம் வந்து முங்கி எழுந்தது. தடுக்க எதுவும் வரவில்லை. மறுபடி முங்கியது.

“விட்டுடுடா” என்றாள்.

“விளையாடுறியா? புண்ணு ஆறணுமா வேணாமா?”

நான் அவன் பக்கம்தான் பேசினேன். ஒரு மீன்தானே, உன்னைவிட அது பெரிதா என்று கேட்டேன். கோபமாகவே கேட்டேன். பயம் எனக்கு எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். அழுது அடம் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தம்பியிடம் வேறொன்று கேட்டாள்.

“இப்ப இதை விட்டா திரும்பக் குஞ்சுங்ககிட்ட வருமா?”

அவன் திகைத்தான். “எப்படிக்கா வரும்? முள்ளு குத்துன பயத்துல அந்தக் கரைக்கு ஓடிடும்.”

“பாத்திருக்கியா?”

“புடிச்சதை யாருக்கா விடுவாங்க, பாக்குறதுக்கு?”

“நீங்க பாத்திருக்கீங்களா?” என்று என் பக்கம் திரும்பினாள். இல்லை. இந்தக் குளத்தைச் சுற்றி எத்தனையோ பேர் தூண்டில் போட்டிருக்கிறார்கள். ஒருவரும் விட்டுப் பார்த்ததில்லை. “வரும்னு நான் சொல்றேன். வராதுன்னு நீ சொல்ற. விட்டாத்தானே தெரியும்” என்றாள்.

மைத்துனன் என்னைப் பார்த்தான். அவனுக்கும் அந்தக் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. உண்மையைச் சொன்னால், பயத்தையும் மீறி எனக்கும் பார்க்க வேண்டும் போல இருந்தது. “வராட்டி வளப்பு விரால்தான் திங்கணும். சித்திகிட்ட நீயே பேசிக்க” என்று சொல்லிக்கொண்டே அவன் வாளியைத் தண்ணீரில் சாய்த்தான். விரால் ஒரு கணம் அசையாமல் கிடந்தது. பிறகு சேற்றைக் கலக்கிக்கொண்டு மறைந்தது. அது போனது அந்தக் கரைப் பக்கம்தான்.

“நான் சொல்லல?” என்றான்.

அவள் நகரவில்லை. வெயில் ஏறியது. நான் குடை கொண்டுவந்து பிடித்தேன். நீர்க்காகம் விடாமல் முங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு கண்ணெதிரே குறைந்துகொண்டு வந்தது. முதலில் அலட்சியமாக உட்கார்ந்திருந்த மைத்துனன் எழுந்து மண்கட்டியை எடுத்துக் காகத்தின்மேல் எறிந்தான். அது தள்ளிப் போய் உட்கார்ந்து, அவன் அசந்த நேரம் பார்த்துத் திரும்ப வந்தது. அவன் மறுபடி எறிந்தான். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கரையில் அங்குமிங்கும் ஓடினான். “இதை எப்படித்தான் நாள் பூரா தனியா செஞ்சுச்சோ” என்று மூச்சிரைத்தான்.

சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. போதும் எழுந்திரு என்று நான் அவள் கையைப் பிடித்த நேரத்தில் நீர்க்காகம் மறுபடி முங்கியது. முங்கிய வேகத்தில் தண்ணீர் வெடித்தாற்போல் கிளம்பியது. காகம் இறக்கையை அடித்துக்கொண்டு தண்ணீர்மேல் ஓடியே பறந்தது. அலை அடங்கியபோது அல்லிக்கொடிக்கு அடியில் அந்தக் கட்டை கிடந்தது. ஒரு பக்க உதடு வெள்ளையாகத் தொங்கியது. சிதறிக் கிடந்த குஞ்சுகள் அதன் தலைக்கு மேல் வந்து சேர ஆரம்பித்தன.

“வாயில புண்ணோட வந்திருக்கு” என்றாள்.

மைத்துனன் ரப்பர் தவளையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் செய்த அலப்பறையைத் தனியாக எழுதலாம். குஞ்சின் சிவப்பு மாறிக் கறுத்துத் தனித்தனியாகப் பிரிகிற வரை அந்தக் குளத்தில் ஒருத்தரும் தூண்டில் போடக் கூடாது என்று ஊர்ப் பையன்களின் வாட்ஸப்பில் போட்டான். ஏலக்காரர் சிரித்தார். அவர் சிரித்தது கட்டளைக்குச் சம்மதம் என்று இவன் அறிவித்துவிட்டான். மற்றவர்கள் எத்தனை பேர் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. கறுத்த குஞ்சுகள் கலைந்து போனதை நாங்கள் இருந்து பார்த்தோம். எங்கள் வீட்டில் இப்போதும் மழைக்காலத்தில் குளத்து விரால் வாங்குவதில்லை. வேறு மாதத்தில் வாங்கினாலும் எங்கே, எப்படிப் பிடித்தது என்று நான் கேட்பதால் மீன் கடைக்காரருக்கு என்னைப் பார்த்தாலே அலுப்பு.

ஆனால் விராலை விட்ட அன்று சாயங்காலம் நடந்ததுதான் என் மனதில் நிற்கிறது. மைத்துனன் பாபநாசம் போய் வளர்ப்பு விரால் வாங்கி வந்து அவனே குழம்பு வைத்தான். அவள் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு நான் கட்டு மாற்ற உட்கார்ந்தேன். ஆபரேஷன் ஆனதிலிருந்து அவள் அந்தப் புண்ணை ஒருநாளும் பார்த்ததில்லை. நான் துணியைப் பிரிக்கும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்வாள். எப்படி இருக்கிறது என்று கேட்கவும் மாட்டாள். என் முகத்திலிருந்தே தெரிந்துகொண்டு பயந்திருக்கிறாள் என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

அன்று என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “அந்தக் கண்ணாடியை எடுங்க. நானே பாக்குறேன்.”

கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தேன். அவள் குனிந்து, குளத்தைப் பார்க்கிற அதே உன்னிப்போடு ரொம்ப நேரம் பார்த்தாள். ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தாள்.

“இவ்வளவுதானா?” என்றாள். “இதுக்கா நீங்க இத்தனை நாளா அப்படி மூஞ்சிய வெச்சுக்கிட்டு இருந்தீங்க?”